உம்மாவின் கண்ணும் தையல் டேப்பும்



புத்தளம் பக்கத்துச் சகோதரியொருவர் நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமிக்கு வயது 68. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். இப்போது இரண்டு கண்ணிலும் வெண்புரை. சனல் பண்ணிக் காட்டியபோது, சத்திரசிகிச்சை செய்யலாம் என்று சொன்ன வைத்தியர், கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளின் பெயர்களும் விலைகளும் அச்சடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அடுத்த கிழமைக்குள் எது வேண்டுமென்று சொல்ல வேண்டுமாம்.

அந்தத் தாள் இப்போது வீட்டையே கலக்கிக்கொண்டிருக்கிறது. கட்டாரில் இருக்கும் மூத்த மகன், “ஆக விலை கூடியதையே போடுங்கள், காசு நான் அனுப்புகிறேன்” என்கிறார். சகோதரியின் கணவர், அரச வைத்தியசாலையிலேயே செய்யலாமே என்கிறார். அப்படிச் சொன்னதற்காக அவருக்கு உம்மாவின் மேல் இரக்கமில்லை என்று பெயர். மாமியோ, “எதையாவது போடுங்க மகள், எனக்கு வெளிச்சம் தெரிஞ்சாப் போதும்” என்று சொல்லிவிட்டுத் தஸ்பீஹ் கோவையுடன் மூலையில் உட்கார்ந்திருக்கிறாராம்.

“எது நல்ல வில்லை என்று ஒரு வரியில் எழுதுங்கள்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார். ஒரு வரியில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். முடியாது என்பதை எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தால் நான் நன்றாகவே அறிவேன். அதைச் சொல்லுமுன், கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வெண்புரை என்றால் கண்ணின் மேல் படரும் ஏதோ ஒரு தோல், அதை உரித்தெடுத்தால் சரி என்றுதான் நம் பெரியவர்களில் அனேகர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கறுப்பு விழிக்குப் பின்னால் நமக்குப் பிறப்பிலேயே ஒரு வில்லை இருக்கிறது. ஒளியைக் குவித்து உருவத்தைத் தெளிவாக்குவது அதன் வேலை. வயதாக ஆக அந்த வில்லையே மங்கிப்போகிறது. அவித்த முட்டையின் வெள்ளைக் கரு போல. சீனி வருத்தம் இருந்தால் கொஞ்சம் முந்தியே வரும். மங்கிய வில்லையை எடுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே போகும், ஆனால் குவிப்பதற்கு ஒன்றுமிராது.

என் உம்மம்மாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். எழுபதுகளில் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் புரையை எடுத்தார்கள். பதிலுக்கு உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. அந்நாளில் நம் நாட்டில் அதுதான் வழமை. பத்துப் பவர் மட்டில் தடித்த ஒரு கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டார்கள். சோடாப் போத்தலின் அடி போன்ற அந்தக் கண்ணாடிக்குள்ளே உம்மம்மாவின் கண்கள் ஆந்தையின் கண்கள் போலப் பெரிதாகத் தெரியும். அவருக்கும் உலகம் கால்வாசி பெரிதாகத்தான் தெரிந்தது. தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் கை நீட்டினால் கை வேறெங்கோ போகும். படியில் கால் வைக்கப் பயப்படுவார்.

இன்றைக்கு, எடுத்த வில்லை இருந்த அதே மெல்லிய பைக்குள் செயற்கை வில்லையொன்றை வைத்துவிடுகிறார்கள். இதை முதன்முதலில் செய்தவர் ஹரல்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் வைத்தியர். லண்டனில், 1949 நவம்பர் 29இல். இரண்டாம் உலக யுத்தத்தில் காயப்பட்ட விமானிகள் சிலரின் கண்ணுக்குள் விமானக் கூரையின் பிளாஸ்ரிக் சிதறல்கள் தங்கியிருந்தும் அவை கண்ணைப் புண்ணாக்கவில்லை என்பதைக் கவனித்ததால் அவருக்கு வந்த யோசனை அது. அப்படியொரு பொருளிலேயே வில்லை செய்து வைத்தார். வில்லை கண்ணுக்கு ஒத்துப்போனது. ஆனால் பவர் கணக்குத் தவறிவிட்டது. அந்த நோயாளிப் பெண்ணுக்குக் கடுமையான குறும்பார்வை வந்து சேர்ந்தது. நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வில்லை மையித்தின் கண்ணிலிருந்து எடுத்தது என்று சில வீடுகளில் பயந்து பின்வாங்குகிறார்கள். கண்தானத்தில் எடுப்பது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற படலத்தை. அது வேறு நோய்க்கு. வெண்புரைக்கு வைப்பது அக்ரிலிக் என்ற ஒருவகைப் பிளாஸ்ரிக்கால் செய்த துண்டு, அவ்வளவுதான். ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் இருக்கும்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் உம்மா இளவயதிலிருந்தே கண்ணாடி போட்டவர். குறும்பார்வை, மைனஸ் மூன்று பவர். தெருவில் வருபவர் யாரென்று கண்ணாடியில்லாமல் தெரியாது. ஆனால் கிட்டத்துக்கு அவருடைய கண் வைரம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குர்ஆன் ஓதுவார், ஊசியில் நூல் கோர்ப்பார், சுளகில் அரிசி பார்ப்பார். அவர் வயதுக்காரிகள் எல்லோரும் வாசிக்கும் கண்ணாடியைத் தேடித் தடவும்போது, உம்மா வெறுங்கண்ணால் ஓதிக்கொண்டிருப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வெண்புரை வந்தபோது பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேரும் கூடிக் கூடிப் பேசினோம். எந்த ஊர், எந்த வைத்தியர், எந்த நாட்டு வில்லை, எவ்வளவு காசு. உம்மாவிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அந்தச் சகோதரியின் மாமியைப் போலத்தான், “நீங்க பார்த்துச் செய்ங்க” என்றார். நல்ல வில்லைதான் வைத்தோம். சத்திரசிகிச்சையும் ஒரு குறையுமில்லாமல் முடிந்தது. வலக்கண்ணின் மூடியைக் கழற்றியதும் சுவர் மணிக்கூடு தெரிந்தது, எதிர் வளவுத் தென்னை தெரிந்தது. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம்.

சில நாள் கழித்து ஒரு ஸுபஹுக்குப் பின் உம்மா அழும் சத்தம் கேட்டது. ரைஹால் பலகையில் குர்ஆன் விரிந்திருக்கிறது. உம்மா முகத்தைக் கிட்டக் கொண்டுபோகிறார், தூர எடுக்கிறார். “எழுத்தெல்லாம் எறும்பு மாதிரிக் கலைஞ்சு போகுது மகள். என்ட கண்ணை மாத்திப் போட்டுட்டாங்க.” தூரம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது: “தூரத்துல ஈக்குற தென்னை மரத்தை நான் என்ன செய்யவா?”

நடந்தது இதுதான். சாதாரண ஒற்றைக் குவிய வில்லை ஒரு தூரத்துக்கு மட்டும்தான் தெளிவாகக் காட்டும். நம் சொந்த வில்லையைப் போல அது வளைந்து கொடுக்காது. அந்த ஒரு தூரம் எது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அதற்கேற்ற பவரில் வில்லையைத் தெரிவுசெய்கிறார்கள். பெரும்பாலானோருக்கு வைப்பது தூரப் பார்வைக்கு. கிட்டத்துக்கு வாசிக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே வாசிக்கக் கண்ணாடி போட்டுப் பழகியவர்களுக்கு இதில் ஒரு நட்டமுமில்லை. ஆனால் உம்மாவைப் போன்ற குறும்பார்வைக்காரருக்கு, ஐம்பது வருடமாகக் கையிலிருந்த ஒன்று ஒரே நாளில் போய்விடுகிறது. வைத்தியர் எல்லோருக்கும் செய்வதைச் செய்தார். அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. குற்றத்தில் பெரும்பங்கு எங்களுடையது என்றே நான் நினைக்கிறேன். கண்ணுக்குரியவரை விட்டுவிட்டுக் காசுக்குரியவர்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

இடக்கண்ணுக்கு மூன்று மாதம் கழித்து நாள் குறித்தார்கள். இந்த முறை நான் தையல் டேப்பை எடுத்தேன்.

பழக்கப்பட்ட இடத்தில் பழக்கப்பட்ட மாதிரி உம்மாவை உட்கார வைத்து, கண்ணிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று அளந்தேன். கையில் ஊசி, 13 அங்குலம். ரைஹாலில் குர்ஆன், 16 அங்குலம். மடியில் சுளகு, 20 அங்குலம். அடுப்படியில் மரக்கறி வெட்டும் பலகை, ஏறத்தாழ 24 அங்குலம். பேரப்பிள்ளைகளின் படம் பார்க்கும் கைபேசி, 14. டெலிவிஷன், 9 அடி. கேற்றடியில் நிற்பவரின் முகம், அதற்கு அளவு தேவையில்லை, தூரம். இவ்வளவையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி, எது இல்லாமல் இருக்க முடியாது என்று உம்மாவிடமே கேட்டு அதற்கு மட்டும் கோடு போட்டேன். கோடு போட்டது குர்ஆனுக்கும் சுளகுக்கும்.

இந்த அங்குலங்களுக்கும் பவருக்கும் நேரான கணக்கு உண்டு. ஒரு மீற்றரைப் பவரால் பிரித்தால் வெறுங்கண்ணுக்குத் தெளிவான தூரம் வரும். மைனஸ் மூன்று என்றால் 33 சென்றிமீற்றர், அதாவது 13 அங்குலம், ஊசியின் தூரம். மைனஸ் இரண்டரை 40 சென்றிமீற்றர், குர்ஆனின் தூரம். மைனஸ் இரண்டு என்றால் 50, சுளகு. மைனஸ் ஒன்றரை என்றால் 67 சென்றிமீற்றர், கை நீட்டும் தூரம். பூச்சியம் என்றால் தென்னை மரம்! வைத்தியர் அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். “இதை முந்தியே கொண்டுவந்திருக்கலாமே” என்றார். உண்மைதான்.

ஆனால் இப்போது வலக்கண் தூரத்துக்கு அமைந்துவிட்டது. இடக்கண்ணை முழுதாக மைனஸ் மூன்றில் விட்டால் இரண்டு கண்ணுக்கும் இடையில் இழுபறி அதிகமாகி, தலைசுற்றலும் தடுமாற்றமும் வரலாம் என்றார். ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு என்று வைப்பது சிலருக்கு ஒத்துப்போகும், சிலருக்கு ஒத்துப்போகாது. உம்மாவின் வலக்கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு சோதனைக் கண்ணாடியாகப் பிடித்து, “இவ்வளவு கிட்டத் தெரிந்தால் போதுமா?” என்று கேட்டார். கடைசியில் மைனஸ் ஒன்றரை என்று முடிவாயிற்று. கணக்கு அரைப் பவர் அங்குமிங்கும் பிசகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

தாளில் இருக்கும் மற்ற வில்லைகளுக்கு வருவோம். பல குவிய வில்லை என்று ஒன்றுண்டு. தூரம், கிட்டம், இடைப்பட்ட தூரம் எல்லாவற்றுக்கும். விலைப்பட்டியலில் பெரும்பாலும் உச்சியில் நிற்பது இதுதான். கண்ணாடியே வேண்டாம் என்பவர்களில் பலருக்கு இது சந்தோஷத்தைத் தருகிறது. ஆனால் சும்மா தருவதில்லை. உள்ளே வரும் ஒளியைப் பங்கு போட்டுத்தான் இந்த வேலையைச் செய்கிறது. ஆகவே இரவில் வாகன விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். மங்கிய வெளிச்சத்தில் சாம்பலுக்கும் கறுப்புக்குமுள்ள வித்தியாசம் குறையலாம். கண்ணின் பின்பக்கத்து விழித்திரை சீனியால் பழுதாகியிருந்தால், அல்லது குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இருந்தால், இந்த வில்லையைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். ஏற்கெனவே குறைந்த பார்வையை இன்னும் பங்கு போட முடியாதல்லவா? எங்கள் ஊரில் ஒரு வைத்தியர் இதே காரணத்துக்காக விலை கூடியதை வைக்க மறுத்தபோது, காசு கொடுக்க ஆயத்தமாயிருந்த மகன் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு வேறிடம் தேடிப் போனார். மறுத்தவர்தான் அந்தத் தாய்க்கு நன்மை செய்தவர் என்பேன்.

தூரத்தோடு, கை நீட்டும் தூரத்தையும் ஓரளவு காட்டும் நீள்குவிய வில்லை இடைநிலையானது. சமையலறைக்கும் கணினிக்கும் வசதி. பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

டோரிக் என்பது வேறு விஷயம். சிலருடைய கண்ணின் முன்பக்கம் பந்து போல ஒரே வளைவாக இல்லாமல், முட்டையின் பக்கவாட்டுப் போல இரண்டு வளைவாக இருக்கும். கண்ணாடித் துண்டில் ‘சிலிண்டர்’ என்று எழுதுவது இதைத்தான். அது அதிகமாக இருந்தால் டோரிக் வில்லை நல்ல பலன் தரும். இல்லாதவருக்கு இது வீண் செலவு. சரியான திசையில் பொருந்தி நிற்கவும் வேண்டும். 30 பாகை திரும்பிவிட்டால் வைத்த பயன் முழுவதும் போய்விடும்.

எந்த நாட்டு வில்லை என்பதில் நம்மவர்கள் காட்டும் ஆர்வத்தில் பாதியை, அளவு எப்படி எடுத்தார்கள் என்பதில் காட்டினால் போதும். கண்ணின் நீளம் சராசரி 23, 24 மில்லிமீற்றர்தான். அதை ஒரேயொரு மில்லிமீற்றர் பிழையாக அளந்தால் இரண்டரை, மூன்று பவர் பிழைத்துவிடும். ரிட்லியின் முதல் நோயாளிக்குக் கணக்குப் பிழைத்தது போல ஆகிவிடும், வில்லை தங்கத்தால் செய்திருந்தாலும். ஆகவே அளவெடுக்கும் நாளில் உம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். கண் உலர்ந்து எரிந்துகொண்டிருந்தால் முதலில் அதற்கு மருந்து. பழைய மூக்குக்கண்ணாடிகள் இருந்தால் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வெண்புரை முற்ற முற்றக் கண்ணின் பவர் மாறிவிடும். பழைய கண்ணாடிதான் அந்தக் கண் உண்மையில் எப்படியிருந்தது என்று சொல்லும்.

விலை குறைந்தால் தரம் குறைவு என்ற எண்ணமும் சாரிக் கடையில் சரி, இங்கே அப்படியே பொருந்தாது. மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலையைச் சேர்ந்தவர்கள் 1992இல் ஒரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வந்த வில்லைகளின் விலையில் மிகச் சிறிய பங்குக்கே வில்லை செய்துகொடுத்தார்கள். ஏழைகள் லட்சக்கணக்கில் பார்வை பெற்றார்கள். இன்று பல நாடுகள் அவற்றை வாங்குகின்றன. நம் அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. வரிசை நீளலாம், வில்லையின் வகையில் தெரிவு குறைவாக இருக்கலாம். ஆனால் ஒற்றைக் குவிய வில்லையைத் தூரத்துக்கு வைப்பதா கிட்டத்துக்கு வைப்பதா என்ற கேள்விக்குச் செலவே இல்லை. அதை எந்த கிளினிக்கிலும் கேட்கலாம். ஆகவே அந்தச் சகோதரியின் கணவருக்கு இரக்கமில்லை என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை!

மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், “மலிவு வில்லை வைத்ததால்தான்” என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம். வில்லையைத் தாங்கும் பை பின்னால் மங்குவது எந்த வில்லைக்கும் வரக்கூடியது. லேசரால் சில நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள்.

வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. சிறுநீர் அடைப்புக்கு டம்சுலோசின் என்ற குளிசை குடிப்பவர்கள் அதைக் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் குளிசை கண்மணியைத் தளர்த்திவிடும். முன்பே தெரிந்தால் வைத்தியர் ஆயத்தமாக இருப்பார். வெட்கப்பட்டு மறைப்பதற்கு அது இடமல்ல. குளிசையைத் தானாக நிறுத்துவதும் கூடாது.

புத்தளத்துச் சகோதரிக்கு: இந்தக் கிழமை நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. பதினைந்து வருடச் சீனி வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியின் விழித்திரையைப் பார்த்தார்களா, அது எப்படியிருக்கிறது என்று வைத்தியரிடம் கேளுங்கள். அதற்கு வரும் பதிலிலேயே தாளிலுள்ள பாதி வில்லைகள் கழிந்துவிடலாம். மற்றது, மாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காலையில் எழுந்ததிலிருந்து அவர் எதையெல்லாம் பார்க்கிறார் என்று கேளுங்கள். முதலில் “ஒண்டுமில்ல மகள்” என்பார். எழும்பிவிடாதீர்கள். டேப்பை எடுத்து அளக்கத் தொடங்குங்கள். கட்டார் மகனுக்கும் அந்தத் தாளைப் படம்பிடித்து அனுப்புங்கள். அவர் அனுப்ப நினைத்த காசில் மாமிக்குப் பெரிய எழுத்துக் குர்ஆனும் நல்ல வாசிப்பு விளக்கும் வாங்கலாம்.

என் உம்மா இப்போது எப்படியிருக்கிறார் என்று கேட்பீர்கள். சுளகில் அரிசி பார்க்கிறார். பெரிய எழுத்துக் குர்ஆனை விறாந்தை வெளிச்சத்தில், முன்னரைவிடக் கொஞ்சம் தள்ளி வைத்து வெறுங்கண்ணால் ஓதுகிறார். இரவில் கண்ணாடி வேண்டும். ஊசிக்கு எப்போதும் கண்ணாடிதான். அதில் மட்டும் அவருக்கு என்னோடு இன்னும் கோபம். வில்லையின் பெயரும் பவரும் ஒட்டிய அட்டையையும் என் கொப்பித் தாளையும் ஒன்றாக கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார். இடக்கண் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் கட்டிலில் சாய்ந்தபடி மின்விசிறியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “இவ்வளவு ஊத்தைக்குள்ளயா மகள் இவ்வளவு நாளும் என்னைப் படுக்கப் போட்டிருந்த?” என்றார். ஏணியை எடுத்துவரப் போனேன்.